நின்று எடுத்த படம்

பெங்ஹு தீவுகளுக்குப் போகும் சிறிய விமானத்தில் நான் எப்போதும் ஜன்னலோர இருக்கையைத்தான் கேட்டு வாங்குவேன். வயது ஏற ஏற வந்து ஒட்டிக்கொள்ளும் சின்னப் பிடிவாதங்களில் அதுவும் ஒன்று. காவ்ஸியுங்கில் ஏறினால், பக்கத்து இருக்கைக்காரர் செய்தித்தாளை விரித்து மடிப்பதற்குள் தீவின் மாகோங் விமான நிலையம் வந்துவிடும். அதுவரை நான் கடலைப் பார்த்துக்கொண்டிருப்பேன். மற்றவர்கள் போனைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். கடலுக்கு மேலே பறந்துகொண்டே, போனில் கடல் படம் பார்த்துக்கொண்டிருந்த ஒருவரை ஒருமுறை பார்த்தேன். நல்ல சட்டை போட்டிருந்தார். படித்தவராகத்தான் இருக்க வேண்டும்.

விசாரணைக் குழுவினர் நீங்கள் மூவரும் நான் சொல்வதை ஒலிப்பதிவு செய்கிறீர்கள் என்று நினைக்கிறேன். செய்யுங்கள். அழைப்பு இல்லாமல் நானே வந்திருக்கிறேன் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். என் பெயர் லியாவ். முதுகெலும்பு அறுவைப் பிரிவின் தலைவர். இந்த ஊரில் வளைந்த முதுகோடு வளர்ந்து நேரான முதுகோடு திருமணம் செய்துகொண்ட பெண்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் என் கைக்குள் வந்து போனவர்கள். இது பெருமை இல்லை. தகவல்.

வளரும் பிள்ளைகளுக்குச் சில சமயம் முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்துபோகும். பெண் பிள்ளைகளுக்கே அதிகம். வளைவு எத்தனை டிகிரி என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. இருபத்தைந்துக்குக் கீழே என்றால் பார்த்துக்கொண்டிருக்கலாம். அதற்கு மேலே போனால், வளர்ச்சி முடியும்வரை உடம்போடு ஒட்டிய பிளாஸ்டிக் கவசம் போட வேண்டும். ஐம்பதை நெருங்கினால் கத்திதான். ஆகவே அளப்பது முக்கியம். எக்ஸ்ரே ஃபிலிமை விளக்குப் பெட்டியில் மாட்டி, அதிகமாகச் சாய்ந்த மேல் எலும்பின்மேல் ஒரு கோடு, கீழ் எலும்பின் அடியில் ஒரு கோடு, இரண்டும் சந்திக்கும் இடத்தில் கோணமானி. என் பென்சிலை நானே சீவுவேன். தடித்த முனை ஒரு டிகிரியைத் தின்றுவிடும்.

டாக்டர் ஷென் யீரூ தைபேயிலிருந்து எங்கள் பிரிவுக்கு வந்தாள். கெட்டிக்காரி, மறுக்கவில்லை. எதற்கெடுத்தாலும் சிரிப்பாள். தீவிலிருந்து ஒவ்வொரு பிள்ளையும் விமானம் ஏறிக் காவ்ஸியுங்குக்கு வர வேண்டியதில்லை, படம் மட்டும் வந்தால் போதும் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தாள். தீவு மருத்துவமனையில் எடுக்கும் எக்ஸ்ரே நேரே அவள் போனுக்கு வரும். விரல் நுனியால் இரண்டு கோடு இழுப்பாள். கோணம் தானே எண்ணாக வந்து நிற்கும். பேருந்தில் நின்றுகொண்டும் அளப்பாள். மதியம் சாப்பாட்டுப் பெட்டியில் சாப்ஸ்டிக்ஸை வைத்துவிட்டு அளப்பாள், பிறகு அதே கையால் சாப்ஸ்டிக்ஸை எடுப்பாள்.

போனில் அளப்பதற்கும் பெரிய திரையில் அளப்பதற்கும் இரண்டு டிகிரிக்குமேல் வித்தியாசம் இல்லை என்று ஆய்வு செய்து காட்டினாள். அந்த ஆய்வில் பொய் இல்லை. நானே சரிபார்த்தேன். ஆனால், படம் சரியாக இருந்தால்தான் அளவு சரியாக இருக்கும். ஆள் நேரே வந்தால் மருத்துவன் ஆளைப் பார்க்கிறான். படம் மட்டும் வந்தால் படத்தைப் பார்க்கிறான். போனில் வந்தாலோ படத்தையும் முழுதாகப் பார்ப்பதில்லை. இரண்டு விரலால் எலும்பை மட்டும் பெரிதாக்குகிறான். மிச்சமெல்லாம் திரைக்கு வெளியே போய்விடுகிறது.

இதைக் கூட்டத்தில் சொன்னேன். மருத்துவமனை இயக்குநர் தூ பொறுமையாகக் கேட்டுவிட்டு, "லியாவ் சார், நீங்க எது வந்தாலும் ஒரு பூச்சாண்டி காட்டுவீங்க. எக்ஸ்ரே கம்ப்யூட்டருக்கு மாறினப்பவும் இதேதான் சொன்னீங்க" என்றார். எல்லாரும் சிரித்தார்கள்.

ஷென் எழுந்து வந்து தன் போனை என்முன் நீட்டினாள். "சார், ஒரே ஒரு தடவ தொட்டுப் பாருங்களேன். பழகிட்டீங்கன்னா அப்புறம் கோணமானியைப் பேரப்பிள்ளைக்கு விளையாடக் கொடுத்துருவீங்க."

தொட்டேன். என் விரல் தடிமன். கோடு ஓடிப்போய்த் தோள்பட்டையில் ஒட்டிக்கொண்டது. கோணம் எழுபத்தொன்று என்று வந்தது. கடைசி வரிசையில் இருந்த பயிற்சி மருத்துவன் ஒருவன், "ஐயோ பாவம், ஆளு இறால் மாதிரி சுருண்டுட்டாரே" என்றான்.

"பரவாயில்ல சார், முதல்ல எல்லாருக்கும் அப்படித்தான்" என்று ஷென் என் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் பிடித்து, சின்னப் பிள்ளைக்கு எழுதப் பழக்குவதுபோல், கண்ணாடிமேல் விரித்துக் காட்டினாள். அவள் கை சூடாக இருந்தது.

அதற்காகத்தான் நான் இதைச் செய்தேன் என்று எழுதிவிடாதீர்கள். அவ்வளவு அற்பமான மனிதன் நான் இல்லை. சிரித்தவர்களை அன்று சாயங்காலமே மறந்துவிட்டேன். அந்தப் பயிற்சி மருத்துவனின் பெயர் பான். பல்லுக்கு நடுவே இடைவெளி உண்டு.

முட்டாள்களை வாதத்தால் திருத்த முடியாது. ஒரு எடுத்துக்காட்டு வேண்டும். கண்முன்னே நிற்கும் ஒரு எடுத்துக்காட்டு, மறுக்க முடியாதபடி. ஒரு பிள்ளையின் முதுகில் அது நிரூபணமானால், வரும் காலத்தில் ஆயிரம் பிள்ளைகள் தப்புவார்கள். இந்தக் கணக்கு உங்களுக்குப் பிடிக்காமல் இருக்கலாம். தப்பு என்று சொல்ல உங்களால் முடியாது.

மாதம் ஒருமுறை நான் தீவு மருத்துவமனைக்குப் போவது வழக்கம். படம் ஷென்னுக்குப் போகும், உடம்பை நேரில் பார்ப்பது நான். இதுதான் ஏற்பாடு. அந்த மாதம் மூன்று பிள்ளைகள் வந்திருந்தார்கள். முதல் பையனுக்கு வளைவு மிகச் சிறியது, எனக்குப் பயன்படாது. இரண்டாவது பெண்ணின் தகப்பனார் நகராட்சி அலுவலகத்தில் செயலாளர். உட்கார்ந்த உடனே என் பெயரை எழுதிக்கொண்டார். கேள்வி கேட்கிற குடும்பம். மூன்றாவதாக ஹோங் ஆயுவே வந்தாள். பதின்மூன்று வயது. தாய் ஷூஹுவா துறைமுகத்துக்குப் பின்னால் கணவாய் மீன் நூடுல்ஸ் கடை வைத்திருப்பவள். தகப்பன் கடலுக்குப் போகிறவன், வருஷத்தில் பாதி நாள் வீட்டில் இருப்பதில்லை. நான் யாரையும் தேர்ந்தெடுக்கவில்லை. வரிசையில் அவள் வந்தாள்.

"டாக்டரய்யா, யூனிஃபாரம் தைக்க அளவெடுத்தப்போ தையக்காரம்மாதான் சொன்னா, ஒரு தோளு ஏறி ஒரு தோளு எறங்கிக் கெடக்குன்னு" என்றாள் ஷூஹுவா. "நான் இவ திமிரா நடக்கிறாளாக்கும்னுல்ல நெனச்சுக்கிட்டிருந்தேன்."

"நீதான் ஐஸ் பெட்டியைத் தூக்கு தூக்குன்னு தூக்க வெச்சே" என்றாள் பெண்.

"ஆமா, ஒரு நாள் தூக்கினா. ஒம்பது நாள் பந்தைத் தூக்கிக்கிட்டு ஓடினா. டாக்டரய்யாகிட்ட அதைச் சொல்லு."

பள்ளியில் வாலிபால் ஆடுகிறாளாம். வலைக்குமேல் எழும்பி அடிப்பதில் மாவட்டத்திலேயே அவள்தான் முதல் என்று அவளே சொன்னாள். குனியச் சொன்னேன். குனிந்தாள். விலாவின் வலப்பக்கம் திமில்போல் எழுந்து நின்றது. பார்த்த கணத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் அளக்காமல் நான் எதையும் முடிவு செய்வதில்லை.

எக்ஸ்ரே எடுக்கும் ஆசெங் அப்போது சாப்பிடப் போயிருந்தான். அந்த மருத்துவமனையில் எக்ஸ்ரே ஃபிலிம் வைத்து எடுக்கும் பழைய பெட்டி ஒன்று இன்னும் இருந்தது. அதைத் தூக்கி எறியாமல் காப்பாற்றி வைத்தவன் நான்தான். பெண்ணைச் சுவரோரம் நிற்கவைத்து, நானே ஒரு படம் எடுத்துக் கழுவினேன். பின்னறை விளக்குப் பெட்டியில் மாட்டிக் கோடு போட்டேன். முப்பத்தொன்று. அன்றைக்கே கவசம் போட வேண்டிய முதுகு. போட்டிருந்தால் பெரும்பாலும் அங்கேயே நின்றிருக்கும். இதை நான் உங்களிடம் மறைக்க விரும்பவில்லை.

ஆசெங் பல்லைக் குத்திக்கொண்டே திரும்பி வந்தான். பெண்ணைப் படுக்கவைத்துப் படம் எடுக்கச் சொன்னேன்.

"முதுகுன்னா நிக்க வெச்சுத்தானே சார் எடுப்போம்?"

"காலையில் சாப்பிடாமல் வந்திருக்கிறாள். நின்றால் மயங்கி விழுவாள்."

"யாரு நானா?" என்றாள் ஆயுவே. "எனக்கு மயக்கமெல்லாம் ஒண்ணும் வரலையே. ரெண்டு கிண்ணம் கஞ்சி குடிச்சுட்டுத்தானே வந்தேன்."

ஷூஹுவா அவள் முழங்கையில் ஒரு தட்டுத் தட்டினாள். "வாயாடி. டாக்டர் சொன்னா படு."

படுத்தாள்.

முதுகெலும்பு வளைந்த பிள்ளை நிற்கும்போது தலையின் பாரமும் தோளின் பாரமும் அந்த வளைவின்மேல் இறங்கும். படுத்தால் பாரம் போய்விடும். வளைவு ஓரளவு தானாகவே நிமிர்ந்துகொள்ளும். மருத்துவக் கல்லூரி மாணவனுக்கும் தெரிந்த விஷயம் இது. போனுக்குத் தெரியாது. போனிலிருக்கும் பெண் நிற்கிறாளா படுத்திருக்கிறாளா என்று போன் ஒருபோதும் கேட்டதில்லை. படத்தில் அதற்கு அடையாளம் இல்லாமல் இல்லை. நின்று எடுத்தால் வயிற்றில் இருக்கும் காற்று மேலே ஏறி, நீர் கீழே தங்கி, நடுவே கோடு கிழித்தாற்போல் ஒரு மட்டம் தெரியும். படுத்தால் அந்த மட்டம் இருக்காது. ஆனால் அதைக் காண வயிற்றைப் பார்க்க வேண்டும். எலும்பை மட்டும் விரித்துப் பார்க்கிறவளுக்கு வயிறு எதற்கு?

ஷூஹுவா மகளின் தலையை வாரி முடிப்பதற்குள் ஷென் அழைத்துவிட்டாள்.

"சார், இருபத்திரண்டுதான் வருது. ரெண்டு தடவ போட்டுப் பார்த்துட்டேன். குழந்தையை நேர்ல பார்த்தீங்கல்ல?"

"பார்த்தேன்."

"அப்போ கவசம் வேணாம், நாலு மாசம் கழிச்சு மறுபடி பார்ப்போமா?"

"உன் அளவு. நீதான் சொல்ல வேண்டும்."

என்ன பார்த்தேன் என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனோ என்னவோ. கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லும் வழக்கம் எனக்கு எப்போதும் இருந்ததில்லை.

அன்று மதியம் ஷூஹுவா தன் கடையிலிருந்து ஒரு பாத்திரம் நூடுல்ஸ் கொண்டுவந்தாள். குட்டிக் கணவாய், மேலே செலரித் தழை தூவி, சூடு ஆறாமல். "போன் டாக்டரம்மா ஒண்ணுமில்லன்னுட்டாங்க. எனக்கு வயித்துல பால் வார்த்த மாதிரி இருக்கு. நீங்க சாப்பிட்டே ஆகணும், வேணாம்னு சொல்லக் கூடாது" என்றாள். சாப்பிட்டேன். நன்றாக இருந்தது. காவ்ஸியுங்கில் இப்படிப் புதுக் கணவாய் கிடைப்பதில்லை.

நான்கு மாதம் கழித்து வந்தார்கள். பெண் மளமளவென்று வளர்ந்திருந்தாள். பாவாடை முழங்காலுக்கு மேலே ஏறியிருந்தது. அணித்தலைவி ஆகிவிட்டாளாம்.

"பந்தடிச்சுட்டு வந்தா முதுகு ஒரு பக்கமா இழுக்குது டாக்டர்" என்றாள்.

"இழுக்குதாம், பிடிக்குதாம்" என்றாள் தாய். "போன்ல படம் பார்த்தவங்களுக்குத் தெரியாதா? வீட்டுப்பாடம் எழுதுன்னாலும்தான் உனக்கு இழுக்குது."

ஆசெங்கை மருந்தகத்துக்கு ஒரு வேலையாக அனுப்பிவிட்டு முதலில் நின்ற படம் எடுத்தேன். முப்பத்தொன்பது. பிறகு அவன் வந்ததும் படுத்த படம். இந்த முறை படுத்தால் மட்டும் போதாது என்று எனக்குத் தெரியும். மேஜையில் அவளை நான்தான் சரியாகக் கிடத்தினேன். அக்குளில் கை கொடுத்து, வளைவு இன்னும் நிமிரும்படி மெல்ல மேலே இழுத்து, இடுப்பைப் பிடித்துக் கீழே நீவி, ஒரு தகப்பன் செய்வதுபோல.

"கூசுது டாக்டர்" என்று சிரித்தாள்.

"அசையாதே. மூச்சைப் பிடி."

ஷென்னின் போனில் இருபத்துநான்கு என்று வந்தது. எல்லைக்கு ஒன்று கீழே. நான் எதிர்பார்த்ததைவிட ஒரு டிகிரி கூடுதல்தான். "விளிம்புல நிக்குது சார்" என்று ஷென் தயங்கினாள். "கவசம் போட்டுடலாமா? ஆனா விளையாடற பொண்ணு, நாள் முழுக்க மாட்டிக்கிட்டு எப்படி இருப்பா? நீங்க என்ன நெனைக்கிறீங்க?"

"அளவின்படிதான் சிகிச்சை என்று கூட்டத்தில் சொன்னது நீதான்" என்றேன்.

அன்று நான் நிறுத்தியிருக்கலாம். அதை யோசிக்காமல் இல்லை. விமானத்தில் யோசித்தேன். இப்போது எடுத்துக் காட்டினால் என்ன சொல்வார்கள்? 'வளரும் வயசு, கொஞ்சம் கூடிடுச்சு, கவசம் போட்டுக்கலாம்' என்பார்கள். தூ தோளைக் குலுக்கிக்கொண்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விடுவார். அரைகுறை நிரூபணம் என்பது நிரூபணமே இல்லை. அந்தப் பிள்ளை அதுவரை வளைந்ததும் வீணாகப் போயிருக்கும். நான் அவளை வீணாக்க விரும்பவில்லை.

ஆண்டுக்கொருமுறை நடக்கும் பரிசோதனைக்குத் தீவுப் பிள்ளைகள் எல்லாரும் காவ்ஸியுங்குக்கு வருவார்கள். ஆயுவேயும் வந்தாள். பெரிய மருத்துவமனையில் நிற்கவைத்து எடுத்தார்கள். ஐம்பத்துநான்கு. மருத்துவர்கள் நிறைந்த அரங்கத்தில் இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் போடச் சொன்னேன். "சென்ற முறை போன் சொன்னது இருபத்துநான்கு. இன்று இந்தப் பெண் அறுவைக்கு வந்திருக்கிறாள்" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். குரலை உயர்த்தவில்லை. தூ மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பான் தலையைக் குனிந்துகொண்டான். ஷென் சிரிக்கவில்லை.

அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. நேரே வெளியே போய் ஷூஹுவாவின் முன் நின்று, "என் தப்புக்கா. நான்தான் அளந்தேன். நான்தான் வேணாம்னேன்" என்றாள். கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தேன். அந்தத் தாய் அவளை அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அந்த மக்கள் அப்படிச் செய்யக்கூடியவர்கள்தான். அவள் ஷென்னின் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ என்னம்மா வேணும்னா செஞ்சே? அழாதே. இப்ப என்ன செய்யணும்னு மட்டும் சொல்லு" என்றாள். அழாதவளைப் பார்த்து அழாதே என்றாள். சிலருக்கு எதையும் சரியாகப் பார்க்கவே வராது.

திட்டம் அன்றைக்கே நிறுத்தப்பட்டது. நான் சொல்ல வேண்டியது முடிந்துவிட்டது என்று நினைத்தேன். ஆனால் ஷென் மறுநாள் பழைய படங்களைப் பெரிய திரையில் போட்டு உட்கார்ந்தாள். நான் வேறு வேலையாக அந்தப் பக்கம் போனேன். தூவும் அங்கே இருந்தார்.

"சார், வயிறு எங்க?" என்றாள் திடீரென்று.

"என்ன வயிறு?" என்றார் தூ.

"காத்து மட்டம் இல்ல பாருங்க. ரெண்டு படத்துலயும் இல்ல. இது படுத்து எடுத்த படம். குழந்தையப் படுக்கவெச்சு எடுத்திருக்காங்க. நான் அளந்தது சரிதான், படம்தான் தப்பு." பிறகு தன் நெற்றியில் தானே அறைந்துகொண்டாள். "முழுசா ஒரு தடவ பார்த்திருந்தா தெரிஞ்சிருக்கும். முழுசா பார்க்கலையே நான்."

தூ அப்போதே ஆசெங்கைப் போனில் கூப்பிட்டு, எல்லாருக்கும் கேட்கும்படி வைத்தார். ஆசெங் திக்கினான். "பெரிய டாக்டர்தான் சார் படுக்க வெக்கச் சொன்னாரு. மயக்கம் வரும்னாரு. ரெண்டு தடவயும் அவருதான் சொன்னாரு."

எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"எனக்கு அப்படி எதுவும் நினைவில்லை" என்றேன்.

நம்பினார்கள். நம்பத்தான் செய்வார்கள். அந்தத் தாயைக் கேட்க யாருக்கும் தோன்றவில்லை. ஒரு பக்கம் பல்குத்தும் குச்சியோடு வேலைக்கு வரும் ஒருவன், இன்னொரு பக்கம் நான். ஆசெங்கை வேலையிலிருந்து அனுப்பிவிட்டார்கள். இப்போது மாகோங்கில் ஏதோ மீன் குளிர்பதனக் கிடங்கில் பெட்டி அடுக்குவதாகக் கேள்வி. அவனுக்குப் பொருத்தமான வேலைதான். மீன்களைப் படுக்கவைத்தால் போதும்.

திட்டம் மறுபடி தொடங்கியது. என்ன மாற்றம் செய்தார்கள் தெரியுமா? படம் போனுக்கு வந்ததும் இப்போது ஒரு கேள்வி வருகிறது: நின்று எடுத்ததா, படுத்து எடுத்ததா? அதற்குப் பதில் சொல்லாமல் கோடு போட முடியாது. படத்தை முழுதாக ஒருமுறை பார்க்காமல் பெரிதாக்கவும் முடியாது. ஷென் ஒரு வாரத்தில் அதைச் செய்து முடித்துவிட்டாள். அவ்வளவுதான். இத்தனை பாடுபட்டு நான் எடுத்துச் சொன்னதற்கு அவர்கள் கொடுத்த மரியாதை ஒரு கேள்வி. அதையும் தாங்களே கண்டுபிடித்ததாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

அறுவையை நான்தான் செய்தேன். வேறு யாரிடமும் கொடுக்க மனம் ஒப்பவில்லை. இந்த நாட்டில் அந்த அறுவைக்கு என் கையைவிட நல்ல கை இரண்டோ மூன்றோதான் இருக்கும். அந்த அளவு வளைவில் எலும்பைத் திருப்பி நிமிர்த்தும்போது தண்டுவடம் இழுபடும். சில சமயம் ரத்த ஓட்டம் நின்றுபோகும். கையெழுத்து வாங்கும் தாளில் அச்சிட்டிருக்கும் அபாயம்தான் அது. நூற்றில் ஒன்றுகூட வராது. பாதி வேலையில் கால்களின் நரம்புச் சமிக்ஞை அடங்கிப்போனது. செய்ய வேண்டியதை எல்லாம் முறைப்படி செய்தேன். சமிக்ஞை திரும்பவில்லை. கவசம் போட்டிருந்தால் இந்த மேஜைக்கே வந்திருக்க மாட்டாள் என்று நீங்கள் சொல்வீர்கள். உண்மை. நானும் அதைத்தான் அந்த அரங்கத்தில் சொன்னேன்.

ஆயுவே இடுப்புக்குக் கீழே எதையும் உணர்வதில்லை. கண்விழித்த அன்று, "காலை யாரு கட்டி வெச்சிருக்கீங்க? அவுத்து விடுங்க" என்று செவிலியிடம் சண்டை போட்டாளாம்.

சில வாரம் கழித்து ஷூஹுவா தாழ்வாரத்தில் என்னை நிறுத்தினாள். கையில் போன். அறுவைக்குப் பின் எடுத்த படத்தை யாரோ அவளுக்கு அனுப்பியிருந்தார்கள். இரண்டு விரலால் அதைப் பெரிதாக்கி என் முகத்துக்கு நேரே பிடித்தாள். அவளுக்கும் யாரோ பழக்கியிருக்கிறார்கள்.

"டாக்டரய்யா, எவ்ளோ நேரா இருக்கு பாருங்க. பக்கத்துக் கடைக்காரிகிட்டக்கூடக் காட்டினேன், ஆணி அடிச்ச மாதிரி நேரா இருக்குங்கறா. முதுகு நேராயிடுச்சுல்ல? அப்புறம் ஏன் காலு வரமாட்டேங்குது?"

நான் படத்தைப் பார்த்தேன். கோணமானி இல்லாமலே சொன்னேன், நான்கு டிகிரி. பிறகு அளந்தபோதும் நான்குதான். ஐம்பத்துநான்கை நான்குக்குக் கொண்டுவந்தவர்கள் எத்தனை பேர் என்று நீங்கள் விசாரித்துப் பார்க்கலாம். "படம் மிகவும் நன்றாக வந்திருக்கிறது" என்று அவளிடம் சொன்னேன். அவள் குனிந்து வணங்கிவிட்டுப் போனாள்.

இனி, நான் இங்கே வந்த காரணம். மனசாட்சி உறுத்தி வந்திருக்கிறேன் என்று நடுவில் இருக்கும் அம்மையார் முகத்தை இளக்கிக்கொண்டிருக்கிறார். அந்தச் சிரமம் வேண்டாம். உங்கள் விசாரணை அறிக்கையின் நகல் போன வாரம் என் மேஜைக்கு வந்தது. படித்தேன். எக்ஸ்ரே எடுத்தவனின் கவனக்குறைவு என்று எழுதியிருக்கிறீர்கள். டாக்டர் ஷென் அளந்தது துல்லியம் என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டையும் நான் பொருட்படுத்தவில்லை. அதற்குக் கீழே, "பிரிவுத் தலைவர் டாக்டர் லியாவும் பிள்ளையை நேரில் பார்த்திருந்தும், படங்கள் படுத்து எடுக்கப்பட்டவை என்பதைக் கவனிக்கத் தவறிவிட்டார், வயது காரணமாக இருக்கலாம்" என்று எழுதியிருக்கிறீர்கள்.

இந்த உறைக்குள் இரண்டு ஃபிலிம்கள் இருக்கின்றன. இரண்டும் நின்று எடுத்தவை, நானே எடுத்தவை. முப்பத்தொன்று, முப்பத்தொன்பது. பென்சில் கோடு அப்படியே இருக்கிறது. வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். இளையவரே, தயவுசெய்து போனில் படம் பிடிக்க வேண்டாம், கண்ணால் பாருங்கள். கோடு எவ்வளவு மெல்லியது என்று கவனியுங்கள். நடுங்கும் கை போட்ட கோடா அது?

படுக்கவைக்கச் சொன்னது நான். இரண்டு முறையும் நான்தான். ஆசெங்குக்கு ஒன்றும் தெரியாது, ஷென்னுக்கு ஒன்றும் தெரியாது. அவர்களுக்கு எப்போதுதான் என்ன தெரிந்திருக்கிறது? ஒவ்வொரு டிகிரியும் ஏறும்போது அது எங்கே இருக்கிறது என்று அறிந்திருந்தவன் இந்த உலகத்தில் நான் ஒருவன்தான். நான் எதையும் கவனிக்கத் தவறவில்லை.

மற்றதையெல்லாம் நீங்கள் எப்படி வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள், எந்தச் சட்டப் பிரிவை வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளுங்கள், கையெழுத்திடுகிறேன். அந்த ஒரு வரியை மட்டும் என் கண்முன்னே அடித்துவிடுங்கள். அடுத்த மாதம் தீவில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு எனக்காகக் காத்திருப்பார்கள். கவனக்குறைவான டாக்டர் என்று கேள்விப்பட்டால், எந்தத் தாய் என்னை நம்பித் தன் பிள்ளையைக் கையில் கொடுப்பாள்?